ஒரு பகுதியின் இனப் பன்மை எவ்வளவு மாறியிருக்கிறது? சென்சஸ் தரவிலிருந்து கண்டுபிடிக்கும் முறை

ஒவ்வொரு சென்சஸ் முடிவு வரும்போதும் "நகரமே அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது" என்று யாராவது சொல்வார்கள். அது எவ்வளவு தூரம் சரி என்று நாமே பார்த்துவிடலாம். எக்ஸெலில் கூட்டவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

உதாரணத்துக்கு இங்கிலாந்து-வேல்ஸையும் அமெரிக்காவையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு இடத்திலும் இனக்குழுவை நேரடியாகக் கேட்கிறார்கள், பகுதிவாரி எண்களை இலவசமாகத் தருகிறார்கள். எல்லா நாட்டிலும் இது நடப்பதில்லை. பிரான்ஸில் இனத்தைப் பற்றிய கேள்வியே கிடையாது. இந்தியாவில் தாய்மொழி, மதம், பட்டியல் சாதி, பழங்குடி விவரங்கள்தான் கிடைக்கும். அவற்றை வைத்தும் இதே கணக்கைப் போடலாம். ஆனால் தாய்மொழியில் போட்டால் வருவது மொழிப் பன்மை, அதற்கு இனப் பன்மை என்று பெயர் வைக்கக் கூடாது.

படி 1: எண்ணைத் தொடுவதற்கு முன் கேள்வித்தாளைப் படியுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் தாண்டிப்போகும் இடம் இதுதான், அதிகம் சறுக்குவதும் இங்கேதான். ஒப்பிடப்போகும் இரண்டு ஆண்டுகளின் படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் இனக்குழுக் கேள்வி முதலில் வந்தது 1991இல். 2001இல் 'கலப்பு' என்ற பிரிவு சேர்ந்தது. 2011இல் 'அரபு' புதிதாக வந்தது. அதுவரை தனியாக இருந்த சீனர்கள் 'ஆசியர்' தலைப்புக்குள் போனார்கள். ஆகவே 2001ஐயும் 2011ஐயும் ஒப்பிடுவதானால், 2001 ஆசியர் எண்ணிக்கையில் சீனர்களை நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கதை இன்னும் விசேஷம். ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தவராகக் கணக்கில் வந்தவர்கள் 2010இல் 90 லட்சம், 2020இல் 3.38 கோடி. பத்தே ஆண்டில் இத்தனை கலப்புக் குழந்தைகள் பிறந்துவிடவில்லை. 2020 படிவத்தில் 'வெள்ளையர்', 'கறுப்பர்' கட்டங்களுக்குக் கீழேயும் பூர்வீகத்தை எழுத இடம் விட்டார்கள். எழுதியதில் முன்பைவிட அதிக எழுத்துகளைப் பதிவுசெய்து குறியிட்டார்கள். 'வெள்ளையர்' கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, கீழே லத்தீன் அமெரிக்கப் பூர்வீகத்தை எழுதியவர் இரண்டு இனமாகக் கணக்கில் ஏறினார். ஆக, அந்த உயர்வில் பெரும் பங்கு மக்கள் மாறியதால் வந்ததல்ல, எண்ணும் முறை மாறியதால் வந்தது.

படி 2: அட்டவணையை இறக்குங்கள்

இங்கிலாந்து-வேல்ஸுக்கு நோமிஸ் (Nomis), அதாவது அரசின் புள்ளிவிவர அட்டவணைகளைத் தரும் இணையதளம். 2011க்கு கே.எஸ்.201 (KS201) அட்டவணை, 2021க்கு டி.எஸ்.021 (TS021). இரண்டையும் ஒரே பரப்புக்கு எடுக்க வேண்டும். எல்லைகள் மாறியிருக்கும், கவனம். இங்கிலாந்தின் தென்கரை ஊர்களான போர்ன்மத், கிறைஸ்ட்சர்ச், பூல் மூன்றும் 2011இல் தனித்தனி கவுன்சில்கள் (உள்ளாட்சிகள்). 2019இல் ஒரே கவுன்சிலாகிவிட்டன. பழைய மூன்றையும் கூட்டினால்தான் புதியதோடு ஒப்பிட முடியும்.

படி 3: சதவீதமும் வேண்டும், தலைக்கணக்கும் வேண்டும்

இங்கிலாந்து-வேல்ஸ் மொத்தத்தில் வெள்ளையர் 2011இல் 86.0 சதவீதம், 2021இல் 81.7. சரி, குறைந்துவிட்டார்கள் என்று எழுதிவிடலாமா? மக்கள்தொகை 5.61 கோடியிலிருந்து 5.96 கோடியாகியிருக்கிறது. பெருக்கிப் பாருங்கள்: வெள்ளையர் சுமார் 4.82 கோடியிலிருந்து 4.87 கோடியாகக் கூடியிருக்கிறார்கள்! குறைந்தது பங்குதான்.

இன்னும் ஒரு அடுக்கு உள்ளே போங்கள். 'வெள்ளை பிரிட்டிஷ்' 80.5இலிருந்து 74.4 சதவீதத்துக்கு இறங்கியது. இவர்களுடைய தலைக்கணக்கும் குறைந்தது. 'பிற வெள்ளையர்' 4.4இலிருந்து 6.2க்கு ஏறியது. பெரிய தலைப்பு ஒரு கதை சொல்கிறது, அதன் உட்பிரிவு வேறொரு கதை சொல்கிறது. என்னைக் கேட்டால், உட்பிரிவைப் பார்க்காமல் யாரும் வரைபடம் போடக் கூடாது.

படி 4: பன்மைக் குறியீடு

ஒவ்வொரு குழுவின் பங்கையும் தசமமாக்கி, அதை அதனாலேயே பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி 1இலிருந்து கழியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தால், அவர்கள் வெவ்வேறு குழுவாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதே விடை.

2011: வெள்ளையர் 0.860, ஆசியர் 0.075, கறுப்பர் 0.033, கலப்பு 0.022, பிறர் 0.010. இப்படித் தன்னாலேயே பெருக்கிய எண்களின் கூட்டுத்தொகை 0.747, குறியீடு 0.253.
2021: 0.817, 0.093, 0.040, 0.029, 0.021. கூட்டுத்தொகை 0.679; குறியீடு 0.321.

அமெரிக்க சென்சஸ் துறை இதே வகைக் குறியீட்டை வெளியிட்டது: 2010இல் 54.9 சதவீதம், 2020இல் 61.1 (தசமத்தில் 0.611). உடனே "அமெரிக்கா இரண்டு மடங்கு பன்மை" என்று சொல்லிவிட வேண்டாம். குழுக்களை எத்தனையாகப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும். மேலே உள்ள ஐந்துக்குப் பதில் 2021இன் 19 பிரிவுகளையும் வைத்துப் போட்டால் இங்கிலாந்தின் குறியீடே ஏறிவிடும்.

இதில் இன்னொரு குழி உண்டு. ஒரு பகுதியில் 'அ' குழு 90, 'ஆ' குழு 10 சதவீதம் என்று வையுங்கள். பத்தாண்டில் அது அப்படியே தலைகீழாகிறது. குறியீடு இரண்டு முறையும் 0.18தான்! ஊரே ஆள் மாறியும் எண் அசையவில்லை. எனவே குறியீட்டோடு சதவீத அட்டவணையையும் சேர்த்தே காட்டுங்கள்.

படி 5: கீழே இறங்குங்கள், ஆனால் ரொம்ப வேண்டாம்

நகரம் பன்மையாக இருந்தாலும் தெருக்கள் தனித்தனியாக இருக்கலாம். அதனால் வார்டு வாரியாகவும் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். நகரத்துக்கு உயர்ந்தும் பெரும்பாலான வார்டுகளுக்குத் தாழ்ந்தும் வந்தால், மக்கள் பிரிந்து வாழ்கிறார்கள் என்று பொருள். அதற்கும் கீழே, சில நூறு பேர் உள்ள பகுதியில் வரும் சின்ன எண்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். தனிமனிதரை அடையாளம் கண்டுவிடாமலிருக்க அவற்றை வேண்டுமென்றே லேசாக மாற்றி வெளியிடுகிறார்கள். அமெரிக்காவின் 2020 பிளாக் (சென்சஸின் மிகச் சிறிய பகுதி) அளவு எண்களில் இது அதிகம். பக்கத்துப் பகுதிகளைக் கூட்டிப் பார்ப்பதே நல்லது.

அப்புறம், "ஏன் மாறியது?" என்ற கேள்வி. இனக்குழு அட்டவணை மட்டும் இதற்குப் பதில் தராது. பிறந்த நாடு, நாட்டுக்கு வந்த ஆண்டு, வயது ஆகிய அட்டவணைகளையும் அதே பகுதிக்கு இறக்கிப் பக்கத்தில் வையுங்கள். ஒரு குழு வளர்ந்திருந்து, அதில் உள்நாட்டில் பிறந்த சிறுவர்கள் அதிகம் என்றால் அது பிறப்பால் வந்த வளர்ச்சி. இருபது, முப்பது வயதுக்காரர்களும் சமீபத்தில் வந்தவர்களும் அதிகம் என்றால் குடிபெயர்வு.