வலுவான ஆட்டக்காரரிடம் டிரா கோருவது எப்படி?

சதுரங்கத்தில் நம்மைவிட 200 ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) அதிகமுள்ள ஒருவரிடம் நாம் சராசரியாக 0.24 புள்ளி எடுப்போம் என்பதுதான் எலோ கணக்கு, அதாவது ரேட்டிங் போடும் முறை. டிரா செய்தால் அரைப்புள்ளி. உங்கள் கே எண் (ரேட்டிங் எவ்வளவு வேகமாக மாறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 20 என்றால் ரேட்டிங் 5.2 கூடும். தோற்க வேண்டிய ஆட்டத்தில் தொடர் செக் (ராஜாவைத் திரும்பத் திரும்பத் தாக்குவது) கிடைப்பது பெரிய விஷயம்: அதனால் ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கோரலாம். அதை முறைப்படி கோரத் தெரியாமல் நான் ஒருமுறை கோட்டை விட்டிருக்கிறேன்.

முதலில் ஸ்கோர்ஷீட், அதாவது நகர்வுகளைக் குறிக்கும் தாள். புரியும்படி எழுதுங்கள், ஆர்பிட்டர் (நடுவர்) அதை வைத்துத்தான் சரிபார்ப்பார். எனக்குப் பால்பாயிண்ட் பேனாதான் பிடிக்கும். வியர்த்த கை பட்டால் ஜெல் பேனா எழுத்து இழுகிவிடும்.

அடுத்தது எண்ணுவது. நகர்வுகளை அல்ல, நிலையை எண்ணுங்கள். அதே காய்கள் அதே கட்டங்களில் இருக்க வேண்டும், ஆட வேண்டியவரும் அவரேயாக இருக்க வேண்டும், காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது), என் பாசான் (இரண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் வெட்டுவது) வாய்ப்புகளும் மாறியிருக்கக் கூடாது. அடுத்தடுத்து வர வேண்டும் என்றில்லை. 1971-ல் பியூனஸ் அயர்ஸில் கிராண்ட்மாஸ்டர்கள் ஃபிஷரும் பெட்ரோசியனும் ஆடிய மூன்றாவது ஆட்டத்தில், இடையில் வேறு நகர்வுகள் வந்தும் ஒரே நிலை மூன்று முறை அமைந்தது. ஃபிஷர் டிரா கோரிப் பெற்றார்.

இனி நான் சறுக்கிய இடம். யானையால் செக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது முறை வந்ததும் யானையை நகர்த்தி, கடிகாரத்தை அழுத்தி, அப்புறம் கையைத் தூக்கினேன். முறை எதிராளிக்குப் போய்விட்டதால் கோரிக்கை செல்லவில்லை. அவர் ராஜாவை வேறு பக்கம் நடத்தித் தப்பி, ஆட்டத்தையும் ஜெயித்தார்.

சரியான வரிசை இதுதான்: காயைத் தொடாதீர்கள். ஆடப்போகும் நகர்வை ஸ்கோர்ஷீட்டில் எழுதுங்கள். கடிகாரத்தை நிறுத்துங்கள். ஆர்பிட்டரை அழைத்து, “இந்த நகர்வோடு இதே நிலை மூன்றாவது முறை வருகிறது, டிரா கோருகிறேன்” என்று சொல்லுங்கள். காயைத் தொட்டுவிட்டால் அந்த நகர்வுக்கு உரிமை போய்விடும். எதிராளியின் நகர்வால் மூன்றாவது முறை வந்திருந்தால் எதையும் எழுத வேண்டாம், உங்கள் முறையில் கோரினால் போதும்.

இணையத்தில் ஆடிப் பழகியவர்கள் கவனியுங்கள்: சில தளங்களில் மூன்றாவது முறையே ஆட்டம் தானாக முடிந்துவிடும். ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) விதிப்படி பலகையில் யாரும் கோராமல் முடிவது ஐந்தாவது முறைதான்.

பின்சேர்க்கை: கோரிக்கை தவறாகிவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், நீங்கள் எழுதிய நகர்வையே ஆடியாக வேண்டும். அதனால் கடிகாரத்தை நிறுத்தும் முன் ஸ்கோர்ஷீட்டை இன்னொரு முறை பாருங்கள்.