எஸ்தோனியாவில் குடும்ப மருத்துவர் பட்டியலில் சேர்வது எப்படி

தாலினுக்கோ தார்த்துவுக்கோ வேலைக்கு வருகிறவர்கள் வீடு, வங்கிக் கணக்கு, பஸ் கார்டு எல்லாவற்றையும் முதல் வாரமே முடித்துவிட்டு, மருத்துவத்தை மட்டும் காய்ச்சல் வரும் நாளுக்குத் தள்ளிப்போடுகிறார்கள். எஸ்தோனியாவில் இது பெரிய தவறு. 1991இல் சுமார் 120 மருத்துவமனைகள் இருந்த நாடு, பிறகு வந்த சீர்திருத்தங்களில் அவற்றை வெகுவாகக் குறைத்து, அன்றாட வைத்தியத்தைக் குடும்ப மருத்துவர்களிடம் ஒப்படைத்தது. பெரும்பாலான ஸ்பெஷலிஸ்டுகளைப் பார்ப்பதற்கான பரிந்துரை, நோய் விடுப்பு, தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை எல்லாம் அவர் வழியாகத்தான். அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு குடும்ப மருத்துவரின் நோயாளிகள் பட்டியலில் சேர்ந்துவிடுங்கள்.

முதலில் காப்பீடு. உங்கள் மொத்தச் சம்பளத்தின் மேல் நிறுவனம் 33% சமூக வரி கட்டுகிறது. அந்த 33இல் 13 மருத்துவக் காப்பீட்டுக்குப் போகிறது. காப்பீட்டை நடத்துவது தெர்விசெகஸ்ஸா என்ற அமைப்பு. வேலையில் சேர்ந்ததை நிறுவனம் வரித்துறையின் பதிவேட்டில் ஏற்றினால் போதும், நீங்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டாம். ஆனால் வேலை தொடங்கி 14 நாள் கழிந்த பிறகுதான் காப்பீடு செல்லும். அந்த இடைவெளிக்குப் பயணக் காப்பீட்டை நீட்டித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் அதிகம் அடிபடுவது அடுத்த விஷயத்தில். வேலைக்குப் போகாத மனைவிக்கோ கணவருக்கோ உங்கள் காப்பீடு தானாகச் சேராது. ஊரில் கம்பெனி பாலிசியில் குடும்பமே அடங்குவதை வைத்து இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒருமுறை மருத்துவமனையில் படுத்த பின் பில் வரும்போதுதான் தெரிகிறது. நாட்டில் வசிக்கும் 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், கர்ப்பம் உறுதியான பெண்களுக்கும் அரசுக் காப்பீடு உண்டு. மற்றபடி வேலையில்லாத துணைக்குப் பொதுவாகத் தனியார் பாலிசி எடுக்கவேண்டியிருக்கும். மாணவர் அனுமதியில் வந்தவர்களுக்கும் இதே கதைதான். பாலிசி எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய்களை விலக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அடுத்தது அடையாள அட்டை. 11 இலக்கத் தனிநபர் எண் இருக்கும். முதல் இலக்கம் பாலினத்தையும் பிறந்த நூற்றாண்டையும் காட்டும், அடுத்த ஆறும் பிறந்த தேதி. அட்டையோடு வரும் உறையில் இரண்டு ரகசிய எண்கள்: 4 இலக்கமுள்ள பின்1 உள்நுழைய, 5 இலக்கமுள்ள பின்2 கையெழுத்திட. மூன்று முறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். திறக்க அதே உறையிலுள்ள பக் எண் வேண்டும். உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது மருத்துவர். வீட்டுக்குப் பக்கத்திலுள்ள குடும்ப மருத்துவ மையங்களைத் தேடி, பட்டியலில் இடமிருக்கிறதா, ஆங்கிலத்தில் பேசுவார்களா என்று போனிலோ மின்னஞ்சலிலோ கேளுங்கள். ஒரு பட்டியலுக்கு வழக்கமான உச்சவரம்பு 2000 பேர். நிரம்பியிருந்தாலும், உங்கள் முகவரி அவர்கள் பகுதிக்கு வெளியே இருந்தாலும் மறுக்கலாம். இரண்டு மூன்று மையங்கள் கைவிரித்தால் தெர்விசெகஸ்ஸாவிடமே கேளுங்கள்.

இடமிருந்தால் விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, கணினியில் டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஜிடாக் (DigiDoc) செயலியைத் திறந்து கோப்பை அதற்குள் இழுத்துப் போடுங்கள். அடையாள அட்டையைக் கார்டு ரீடரில் செருகி, பின்2 கொடுத்தால் '.asice' என்று முடியும் ஒரு கோப்பு உருவாகும். அனுப்ப வேண்டியது அந்தக் கோப்பைத்தான். அச்செடுத்துக் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்த பிடிஎஃப், டிஜிட்டல் கையெழுத்து ஆகாது. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம். பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்து. சேர்ந்ததும் குழந்தையின் தடுப்பூசி அட்டையையும், தொடர்ந்து சாப்பிடும் மருந்துகளின் மூலப்பெயர்களையும் நர்ஸிடம் கொடுங்கள். நம்மூர் பிராண்டுப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. 'டோலோ' என்றால் புரியாது, பாராசிட்டமால் என்றால் புரியும்.

உடம்பு முடியாமல் போனால் முதலில் பேசுவது பெரும்பாலும் குடும்ப நர்ஸ்தான். அவரைத் தாண்டி டாக்டரையே பார்க்கவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். அவர் பயிற்சி பெற்றவர், நிறைய விஷயங்களை அவரே முடித்துவிடுவார். திடீர் நோய் என்றால் மையம் உங்களை அன்றே பார்க்கவேண்டும், மற்றவற்றுக்கு 5 வேலை நாட்களுக்குள். மையத்தில் பார்ப்பதற்குக் காப்பீடு உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. காய்ச்சலுக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சிஆர்பி அளவைப் பார்ப்பார்கள்; அளவு குறைவாக இருந்தால் ஓய்வு, பாராசிட்டமால் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆண்டிபயாடிக் தரவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். ஐரோப்பாவிலேயே ஆண்டிபயாடிக் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் நாடுகளில் எஸ்தோனியாவும் ஒன்று. சீட்டில்லாமல் எந்த மருந்துக்கடையிலும் வாங்க முடியாது. சீட்டும் 2010 முதல் டிஜிட்டல்தான். அட்டையைக் காட்டினால் கடைக்காரர் திரையில் பார்த்துத் தருவார்.

கண், மகப்பேறு, மனநலம், தோல், பல் மருத்துவர்களிடம் பரிந்துரை இல்லாமலே போகலாம். மற்றவர்களுக்குக் குடும்ப மருத்துவர் பரிந்துரையைக் கணினியில் ஏற்றுவார், நீங்கள் தெர்விசெபோர்தால் என்ற சுகாதார இணையவாசலில் தேதி பிடிக்கவேண்டும். ஸ்பெஷலிஸ்ட் கட்டணம் 2025 ஏப்ரலில் 5 யூரோவிலிருந்து 20 யூரோ வரை உயர்ந்தது. போக முடியாவிட்டால் முன்கூட்டியே ரத்து செய்யுங்கள், காத்திருக்கும் இன்னொருவருக்கு அந்த இடம் போகும். அதே இணையவாசலில் உங்கள் மருத்துவக் குறிப்புகளை யார், எந்தத் தேதியில் திறந்து பார்த்தார்கள் என்ற பட்டியலும் இருக்கிறது. அவ்வப்போது பாருங்கள், சம்பந்தமில்லாத பெயர் இருந்தால் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இரவிலோ விடுமுறையிலோ ஆலோசனைக்கு 1220. ஆங்கிலச் சேவைக்குக் குறிப்பிட்ட நேரம்தான், முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பக்கவாத அறிகுறி என்றால் யோசிக்காமல் 112.

விடுப்பு வேண்டுமென்றால் நோயின் முதல் நாளே மையத்துக்குச் சொல்லி நோய் விடுப்புச் சான்றைத் திறக்கச் செய்யுங்கள். முதல் 3 நாளுக்குப் பணம் இல்லை, 4 முதல் 8ஆம் நாள் வரை நிறுவனம் 70% தரும், 9ஆம் நாளிலிருந்து தெர்விசெகஸ்ஸா தரும். குணமானதும் அழைத்துச் சான்றை முடிக்கச் சொல்லவேண்டும். முடிக்காதவரை பணம் வராது.

வேலையை விட்டால் காப்பீடு பொதுவாக இன்னும் இரண்டு மாதம் நீடிக்கும். தொடர் மருந்துச் சீட்டைப் புதுப்பிப்பதையும் பாக்கியிருக்கும் பரிசோதனைகளையும் அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.