ஓட்டல் மேனேஜர் வேலை: கை மாறும் இடத்தில் நில்லுங்கள்

கிருஷ்ணகிரி பைபாஸ் பக்கம் ரூமும் சாப்பாடும் சேர்ந்த ஓட்டல்களுக்குப் புதிதாக மேனேஜராகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, மேனேஜர்னா என்ன வேலை செய்யணும்?" நியாயமான கேள்வி. ரூம் பாய்க்குத் தன் வேலை தெரியும், பரோட்டா மாஸ்டருக்குத் தெரியும், கல்லாவில் இருப்பவருக்கும் தெரியும். மேனேஜருக்கு மட்டும் இதுதான் உன் வேலை என்று யாரும் எழுதித் தருவதில்லை. முதலாளி "எல்லாத்தையும் பாத்துக்கோப்பா" என்பார். எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பினால் கடைசியில் ஜெனரேட்டர் டீசலும் சில்லறைத் தட்டுப்பாடும்தான் மிஞ்சும்.

என் அனுபவத்தில், ஒருவர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது ஓட்டலில் பிரச்சினை வருவது குறைவு. அது அடுத்தவருக்குக் கை மாறும்போதுதான் வரும். ரூம் சுத்தமாகிவிட்டது, ரிசப்ஷனுக்குத் தெரியாது. வடை தீர்ந்துவிட்டது, கேப்டன் ஆர்டர் எடுத்துக்கொண்டே இருக்கிறார். ராத்திரி ஆள் வாங்கிய அட்வான்ஸ் காலை ஆளுக்குத் தெரியாமல், கெஸ்டிடம் இரண்டாவது முறை கேட்கிறார். அதனால் எங்கெங்கே கை மாறுகிறதோ அங்கே போய் நின்றுகொள்ளுங்கள். மற்ற இடத்தில் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஷிப்ட் மாறும் நேரம்

காலை 7, மதியம் 3, ராத்திரி 11 என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டுக்கு நீங்கள் நேரில் இருங்கள். ராத்திரி மாறுவதற்கு வாரத்தில் ஓரிரு நாள் சொல்லாமல் போய் நில்லுங்கள்.

ரிசப்ஷனில் ஒரு நோட்டு வேண்டும். கம்ப்யூட்டர் சாப்ட்வேர் இருந்தாலும் நோட்டு வேண்டும், அது பெரிய நோட்டாக இருக்கட்டும். அதில் எழுதும் விதத்தைச் சொல்லிக் கொடுப்பதுதான் முதல் மாதத்தில் உங்கள் முக்கியமான வேலை. "204 கீசர் பிராப்ளம்" என்று எழுதினால் அது குறிப்பே அல்ல. "204 கீசர் டிரிப் ஆகுது. எலக்ட்ரீஷியனுக்குப் போன் பண்ணியாச்சு, 11 மணிக்கு வரேன்னார். கெஸ்ட் குளிக்க 207 திறந்து கொடுத்தாச்சு. 207-க்கு டவல் மாத்தணும்." இப்படி எழுதினால், அடுத்த ஷிப்டில் வருபவர் கெஸ்டைப் பார்த்ததும் "சார், எலக்ட்ரீஷியன் 11 மணிக்கு வர்றார்" என்று தானே முந்திக்கொண்டு சொல்வார். அந்த ஒரு வரியால் பாதி சண்டை வராது. என்ன ஆச்சு, யாரிடம் சொல்லியாச்சு, எப்போது முடியும், அடுத்தவர் செய்ய வேண்டியது என்ன: இந்த நான்கும் இல்லாத குறிப்பைத் திருப்பி எழுதச் சொல்லுங்கள். முதல் வாரம் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

பணம் கை மாறுவது தனிக் கதை. போகிறவர் வருகிறவர் கண் முன்னால் எண்ண வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். யு.பி.ஐ. பணத்தை வாடிக்கையாளர் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து ஒப்புக்கொள்ளக் கூடாது. நம் கணக்கில் வந்து விழுந்ததா என்று பார்த்த பிறகுதான் பில்லில் டிக். போலியான ஸ்கிரீன்ஷாட்டோடு ராத்திரி 2 மணிக்கு வருபவர், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பையனைப் பார்த்துத்தான் வருகிறார்.

ரூம் எப்போது ரூம் ஆகிறது

நம் பக்கம் லாட்ஜுகளில் 24 மணி நேர செக்அவுட் சகஜம். சென்னை, பெங்களூரு, சேலம் என்று மூன்று பக்கமும் வண்டி பிரியும் ஊர் என்பதால் ஆட்கள் கண்ட நேரத்துக்கு வருவார்கள். ராத்திரி 1 மணிக்கு வந்தவர் மறுநாள் ராத்திரி 1 மணிக்குக் காலி செய்யலாம். ஆனால் சுத்தம் செய்யும் அக்காக்கள் வேலை பார்ப்பது பகலில். ஆகவே ராத்திரிக்கு ஒரு ரூம் பாயாவது சுத்தம் செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும், இரண்டு மூன்று ரூமுக்கு உண்டான பெட்ஷீட்டும் டவலும் ரிசப்ஷன் பக்கமே அலமாரியில் இருக்க வேண்டும். ஸ்டோர் சாவி வீட்டுக்குப் போய்விட்டது என்ற பேச்சே வரக் கூடாது.

போர்டில் ரூமுக்கு மூன்று நிலை எழுதுவார்கள்: ஆள் இருக்கு, காலி, சுத்தம். நான் நான்காவதாக ஒன்று வைப்பேன்: 'பார்த்தாச்சு'. சுத்தம் செய்தவரைத் தவிர வேறொருவர் போய்ப் பார்த்த பிறகுதான் அந்த ரூமை விற்கலாம். என்ன பார்ப்பது? சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அது சூடாகும் நேரத்தில் மற்றதைப் பாருங்கள். ஃப்ளஷ், ஏ.சி. ரிமோட், கதவுத் தாழ்ப்பாள், கட்டிலுக்கு அடியில். அப்புறம் மெத்தையின் மூலையைத் தூக்கி, தையல் ஓரத்தில் மொபைல் டார்ச் அடியுங்கள். மூட்டைப்பூச்சி பயணிகளின் பையில்தான் வருகிறது, அழுக்கான ரூமைத் தேடி வருவதில்லை. கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அந்த ரூமைப் பூட்டி மருந்து அடிக்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கத்து ரூமையும் பாருங்கள். அந்த ஒரு நாள் வாடகையை மிச்சம் பிடித்தால் மாசம் பூராவும் கூகுளில் ஒரு நட்சத்திரம் வாங்குவீர்கள்.

துணிக்குக் கணக்கு எளிது. ஒரு கட்டிலுக்கு மூன்று செட்: ஒன்று விரித்தது, ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். டோபிக்குப் போகும்போதும் வரும்போதும் எண்ணுவது ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூரில் ஓட்டல் படிப்பு முடித்து வருபவர்களுக்கு இது தெரிவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தடுப்பு என்று சேர்த்திருப்பது அதனால்தான். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் கூட்டுக் குடிநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். ஆர்.ஓ. மெஷினின் மெம்ப்ரேன் மாற்றிய தேதியை அதன் மேலேயே ஒட்டி வையுங்கள். குளியலறையில் போர் தண்ணீர் ஓடினால் உப்பு கீசரின் சூடாக்கும் கம்பியில் படியும், ஷவர் துளையையும் அடைத்துக்கொள்ளும். ஷவரைக் கழற்றி வினிகரில் ஊறப்போடுவதை மாத வேலையாகவே எழுதி வையுங்கள், கெஸ்ட் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

சமையலறைக்கும் மேசைக்கும் நடுவே

மாஸ்டருக்குச் சமையல் சொல்லித்தரப் போகாதீர்கள். ஜன்னலில் நில்லுங்கள், தட்டு வெளியே வரும் அந்த ஜன்னலில். காலை 8 மணிக்கு எது வேகமாகப் போகிறது, எது நிற்கிறது, மாவு எத்தனை பாத்திரம் மீதி இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். தீரப்போவதைத் தீர்வதற்கு முன்பே கேப்டனிடம் சொல்வது உங்கள் வேலை. "பொங்கல் இன்னும் பத்து பிளேட்தான்" என்று ஒரு குரல் போதும்.

கண்டிப்பாக இருக்க வேண்டியது சூட்டில். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமி பெருகும். சூடான உணவு 60-க்கு மேலே, குளிர்ந்தது 5-க்குக் கீழே இருக்க வேண்டும். சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் சும்மா வைக்கக் கூடாது. மிஞ்சிய சாதத்தை மறுநாள் ஃப்ரைட் ரைஸ் ஆக்கும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. நேரத்தோடு ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்த சாதமென்றால் சரி. ராத்திரி முழுக்க அண்டாவில் கிடந்ததென்றால் கொட்டிவிடுங்கள், அதில் ஊறிய நச்சு திரும்பச் சூடுபடுத்தினாலும் போகாது. பொரித்த எண்ணெயையும் பாருங்கள். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் சேரும் கெட்ட பொருள்கள், அதாவது போலார் சேர்மங்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து சட்டம். சின்ன மீட்டர் கிடைக்கிறது. முதலாளியை வாங்கித்தரச் சொல்லுங்கள்.

விலையும் சீசனும்

ரூம் நிறைந்ததா என்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 30 ரூம் உள்ள ஓட்டலில் 20 ரூம் போய் 30,000 ரூபாய் வந்தால், விற்ற ரூமுக்குச் சராசரி 1,500. மொத்த ரூமுக்கும் வகுத்தால் 1,000. இன்னொரு நாள் 27 ரூம் 1,050 ரூபாய் வீதம் போனால் 28,350 வரும், வகுத்தால் 945. ஓட்டல் நிரம்பி வழிந்தது, சோப்பும் கரண்டும் சலவையும் கூடச் செலவானது, வரவு குறைந்தது. தினமும் மொத்த ரூமுக்கும் வகுத்த அந்த எண்ணை எழுதுங்கள். ஆன்லைன் புக்கிங் கம்பெனிகளின் கமிஷனைக் கழித்துவிட்டு எழுதுங்கள்.

நம் ஊருக்குத் தனிக் காலண்டர். மே முதல் ஜூலை வரை மாம்பழ சீசன், கூழ் ஆலைகளுக்கு வரும் வியாபாரிகள் வாரக்கணக்கில் தங்குவார்கள். அவர்களுக்கு விலையைவிட, வந்த உடனே அதே ரூம் கிடைப்பதுதான் பெரிது. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் கூட்டம். கார்த்திகை, மார்கழியில் கர்நாடகத்திலிருந்து சபரிமலை பஸ்கள். ஐம்பது பேர் வந்து நான்கு ரூம்தான் கேட்பார்கள், குளிக்கவும் வேட்டி காயப்போடவும் இடம் வேண்டும். மொட்டை மாடியைத் திறந்துவிடுங்கள், தண்ணீர்த் தொட்டியை முன்னிரவே நிரப்பி வையுங்கள். தீபாவளி, ஆயுத பூஜைக்கு முந்தின ராத்திரி பெங்களூருக்காரர்கள் தெற்கே போகும் வண்டி வரிசையில் நிற்கும். அன்றைக்கு ரூமைவிடச் சாப்பாட்டில்தான் வரவு. மெனுவைப் பாதியாகக் குறைத்துவிட்டு, இருக்கிறதை வேகமாகக் கொடுங்கள். ரிசப்ஷனில் கன்னடமும் தெலுங்கும் பேசும் ஒருவர் எந்த ஷிப்டிலும் இருக்கட்டும். எல்லையோர ஊர் என்பதால் அப்படி ஆள் கிடைப்பது கஷ்டமில்லை.

காகிதம், ஆட்கள், முதலாளி

காகிதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உணவுப் பாதுகாப்பு உரிம எண் பில்லில் இருக்க வேண்டும். 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், பழைய 12 சதவீதம் சாப்ட்வேரில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் கொடுத்தாக வேண்டும். ராத்திரி ஆளுக்கும் அதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள் குழு கட்டாயம். குழுவில் யார் யார் என்பதை அக்காக்கள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள், மேனேஜர் ரூமுக்குள் அல்ல.

ஆட்களிடம் ஒரே விதி: கெஸ்ட் முன்னால் திட்டாதீர்கள். "தம்பி, இங்க வா" என்று உள்ளே கூப்பிட்டுப் பேசுங்கள். ஒடிசா, அசாமிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு நோட்டில் தமிழில் எழுத வராது. ரூம் எண்ணும் படமும் போட்ட அட்டை கொடுங்கள், வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும் தேதியை இரண்டு மாசம் முன்னாலேயே கேட்டு எழுதி வையுங்கள், பண்டிகை நேரத்தில் பாதி சமையலறை ஒரே ரயிலில் கிளம்பிவிடும்.

முதலாளிக்கும் உங்களுக்கும் நடுவிலும் கை மாறுகிறது, அதையும் தினமும் எழுத்தில் வையுங்கள். ராத்திரி கல்லா மூடியதும் ஐந்து வரி வாட்ஸ்அப்: எத்தனை ரூம் போனது, மொத்த ரூமுக்குச் சராசரி எவ்வளவு, சாப்பாட்டு வரவு, ரொக்கமும் யு.பி.ஐ.யும் தனித்தனியாக, நாளைக்குச் செலவு என்ன வருகிறது. கெட்ட செய்தி இருந்தால் அதைக் கடைசி வரியில் ஒளிக்காமல் முதல் வரியில் போடுங்கள். ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவு வைக்கும் ரிப்பேர் என்றால், மெசேஜ் போடுவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணிவிடுங்கள்.