பிரசங்கத்தின் வலிமையைக் குலைக்கும் தவறுகள்

இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனையும் சாகவைத்த தாவீது அரசரிடம் போன நாத்தான் தீர்க்கதரிசி, எடுத்த எடுப்பில் குற்றம் சாட்டவில்லை. ஓர் ஏழையையும் அவன் வளர்த்த ஆட்டுக்குட்டியையும் பற்றிச் சொன்னார். அது அவனுடைய உணவில் பங்குண்டது, அவன் பாத்திரத்தில் குடித்தது, அவன் மடியில் படுத்தது. அதே ஊர்ப் பணக்காரன் தன் மந்தையைத் தொடாமல், விருந்தாளிக்கென்று அந்த ஒற்றைக் குட்டியைப் பிடித்துச் சமைத்தான். கேட்டுக்கொண்டிருந்த தாவீது கொதித்துப்போய், அவன் சாகவேண்டும் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்த ஒரு வரி வந்தது: "நீயே அந்த மனுஷன்."

2 சாமுவேல் 12இல் உள்ள இந்தக் காட்சியைப் பிரசங்கம் செய்கிற ஒவ்வொருவரும் பிரித்துப் பார்க்க வேண்டும். தீர்ப்பைச் சொன்னது பிரசங்கியார் அல்ல, கேட்டவர். பிரசங்கம் மனதை அசைப்பது இப்படித்தான். கேட்பவர் செய்ய வேண்டிய இந்த வேலையைப் பிரசங்கியார் தானே செய்துவிடும்போதுதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

முதல் தவறு, தீர்ப்போடு தொடங்குவது. "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எந்த நேரமும் போனும் கையுமாக..." என்று ஆரம்பித்த அரை நிமிடத்தில் பின்வரிசை இளைஞர்கள் காதை மூடிக்கொள்கிறார்கள். முன்வரிசைப் பெரியவர்களோ அது தங்களுக்கில்லை என்று நிம்மதியாகத் தலையாட்டுகிறார்கள். இருவருக்குமே பயனில்லை. தயாரிக்கும்போது உங்கள் "நீயே அந்த மனுஷன்" எது என்பதை ஒரே வாக்கியத்தில் முதலில் எழுதுங்கள். பேசும்போது அதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு முன் வெளியே விடாதீர்கள். அதற்கு முன்னால் வருவதெல்லாம் உணவு, பாத்திரம், மடி என்பதுபோலக் கண்ணால் காணக்கூடியதாக இருக்கட்டும்.

அடுத்தது, இரவல் உவமைகள். பனிப்புயலில் வழி தவறிய மேய்ப்பன், ரயில் பாலத்தைக் காத்த தகப்பன் என்று எங்கோ கேட்ட கதைகளைக் கொழும்பின் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். நம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதில்லை. "மீட்பு" என்ற சொல்லையே எடுங்கள். வாரநாளில் கொழும்புத் தமிழர் வாயில் அது நகையோடுதான் வருகிறது. தாலிக்கொடியை அடகு வைத்த ஒரு பெண், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு போக வட்டி கட்ட முடியாமல், தவணை முடிகிற நாளில் செட்டியார் தெருவில் அடகுச் சீட்டோடு நிற்கிறாள். வேறொருவர் வந்து முதலையும் வட்டியையும் கட்டி, நகையை அவள் கையில் கொடுக்கிறார். அவ்வளவுதான். "மீட்பர்" என்ற சொல்லுக்கு அந்த இடத்திலேயே உயிர் வந்துவிடும். ஆனால் உவமையை அதற்கு மேல் இழுக்கக்கூடாது. அடகுக்கடை முதலாளி யார், பணம் யாருக்குப் போனது என்று நீட்டினால், பிசாசுக்கா விலை கொடுக்கப்பட்டது என்ற பழைய இறையியல் சிக்கலில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

சத்தத்தை வல்லமை என்று நினைப்பது மூன்றாவது. 1741 ஜூலையில் அமெரிக்காவின் என்ஃபீல்டில் ஜொனதன் எட்வர்ட்ஸ் என்ற போதகர் செய்த பிரசங்கத்தின்போது சபை கதறி அழுதது. அழுகைச் சத்தத்தில் அவரால் தொடர முடியவில்லை. அவர் முழக்கமிடுகிறவரோ கைவீசுகிறவரோ அல்ல. நெருப்புக்கு மேலே பிடிக்கப்பட்டிருக்கும் சிலந்தி என்ற படம்தான் அந்த வேலையைச் செய்தது. அந்தப் பிரசங்கத்தின் கடுமை எல்லாருக்கும் உவப்பானதல்ல, ஆனால் படத்தின் பலத்தை மறுக்க முடியாது. கொழும்பில் 1757இல் திறக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயம் போல, உயர்ந்த கூரையும் தடித்த கபுக்கல் சுவரும் உள்ள கட்டடங்களில் கத்தினால் எதிரொலி அடுத்த சொல்லை விழுங்கிவிடும். மைக்கை வாயிலிருந்து அரைச்சாண் தள்ளி வையுங்கள். வாக்கிய முடிவில் ஒரு மூச்சளவு நிறுத்துங்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், குரல் அங்கே தாழ்ந்துவிட்டால் "செய்தார்" என்றீர்களா "செய்யார்" என்றீர்களா என்பதே கேட்காமல் போகும்.

சபை எத்தனை தரம் "ஆமென்" சொன்னது என்று எண்ணுவதும் இதன் உடன்பிறப்பு. வட ஆபிரிக்காவின் ஒரு நகரத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்து ஆண்டுதோறும் கல்லெறிந்து சண்டை போடும் வழக்கத்துக்கு எதிராகத் தாம் பேசியதைப் புனித அகுஸ்தீன் எழுதிவைத்திருக்கிறார். சனம் ஆரவாரம் செய்தபோது பலன் கிடைத்ததாக அவர் நினைக்கவில்லை. கண்ணீரைக் கண்டபோதுதான் நினைத்தார். எட்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சண்டை அங்கே மீண்டும் நடக்கவில்லை என்பதே அவர் காட்டும் சான்று.

வசனக் குவியல் பற்றிச் சிறு கணக்கு. ஒரு வசனத்தை எல்லாரும் எடுக்க அரை நிமிடம் என்றால், பன்னிரண்டு வசனங்களுக்கு ஆறு நிமிடம் தாள் புரட்டலிலேயே போய்விடும். ஒரு பகுதி, துணைக்கு இரண்டு வசனம் போதும். திருப்பலி மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024இல் சொன்னார். அரைமணி நேரம் பேசும் சபைகளுக்கு அது குறைவாகத் தோன்றலாம். ஆனாலும் "முடிவாக" என்று சொன்ன பிறகு இன்னும் இரண்டு முடிவுகள் வரக்கூடாது. பவுல் நள்ளிரவு மட்டும் பேசியபோதே ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான்.

மொழியை அசட்டை செய்வதுதான் நம் இடத்தில் பெரிய தவறு. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பில் துணைநின்றவர். பிரசங்கம் என்ற வடிவத்தின் பலத்தை அருகிருந்து கண்டு, 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். கிறிஸ்தவ மேடையிலிருந்து எடுத்ததைச் சைவர் செவிக்குப் பழகிய தமிழில் வைத்ததால் அது ஊன்றியது. இன்று கொழும்புச் சபையொன்றில் யாழ்ப்பாணத்தவர், மலையகத்தவர், மட்டக்களப்பார், ஆங்கில மொழிமூலம் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். "பிராயச்சித்தம்", "நீதிமானாக்கப்படுதல்" போன்ற சொற்களை விளக்காமல் போனால் அந்தப் பிள்ளைகள் கையசைவை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம், ஒருதரம் சொல்லி, உடனே பேச்சுத் தமிழில் அவிழ்த்துவிடுங்கள்.

துக்கத்தின் முன்னால் காரணம் சொல்வது மன்னிக்க முடியாத தவறு. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் உயிர்த்த ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள் கொல்லப்பட்ட பிறகு, "இதற்குள் ஒரு தேவ நோக்கம்" என்று பேசுவது செத்தவர் வீட்டாரை இன்னொரு தரம் காயப்படுத்துவது. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசியபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்ற எண்ணத்தைத் திட்டமாக மறுத்தார். அத்தகைய ஞாயிற்றில் ஒரு புலம்பல் சங்கீதத்தை மெதுவாக வாசித்து, ஐந்து நிமிடத்தில் அமருங்கள்.

கதை எழுதுவோருக்கும் ஒன்று. பாத்திரத்தின் வாயில் ஒரு பக்கப் போதனையைத் திணிக்காதீர்கள். மெல்வில்லின் 1851ஆம் ஆண்டு நாவலான "மோபி டிக்"கில் மேப்பிள் பாதிரியார் யோனாவின் கதையைத் திமிங்கில வேட்டைக்காரர்களுக்குக் கப்பல் மொழியிலேயே சொல்கிறார். வாங்குகளில் இருப்பது யார் என்று நமக்கு முன்பே தெரிந்திருப்பதால்தான் அது தைக்கிறது.

கடைசியாக, நீங்கள் பேசப் பேச அதை வேறு மொழியில் சொல்லும் மொழிபெயர்ப்பாளர். அரைமணி நேரம் கிடைத்தால் உங்களுக்குப் பதினைந்து நிமிடம்தான். சிங்களத்திலும் வினை கடைசியில் வருவதால் துண்டு துண்டாகக் கொடுத்தாலும் ஓரளவு ஓடும். ஆங்கிலத்துக்கு ஓடாது, வினை தெரியாமல் மொழிபெயர்ப்பாளர் வாயே திறக்க முடியாது. எட்டுப் பத்துச் சொல்லில் வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்துங்கள். பழமொழிகளைக் கழித்துவிடுங்கள். வசனங்களையும், நீங்கள் கடைசிவரை பிடித்துவைத்திருக்கும் அந்த ஒற்றை வரியையும் வெள்ளிக்கிழமையே அவர் கையில் எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் சபையின் பாதி அதைக் கேட்டு உறைந்திருக்கும் நேரத்தில், மறுபாதி அவர் சொல் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.