காரைக்கால் மாங்கனித் திருவிழாவை முழுமையாகக் காண

ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வருபவர்களில் பலர், பிச்சை ஏற்கும் கோலத்துச் சிவனான பிச்சாண்டவரின் வீதியுலா நாளன்று வந்து, வீசப்படும் மாம்பழங்களில் ஒன்றிரண்டைப் பிடித்துக்கொண்டு அன்று மாலையே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் காண்பது ஒரு பெரிய கதையின் நடுப்பகுதியை மட்டுமே. காரைக்கால் அம்மையார் எனப் போற்றப்படும் புனிதவதியார் மணமகளாவது முதல் பேயுருக் கொண்டு இறைவனைக் காண்பது வரையிலான வரலாற்றை ஊரே சேர்ந்து தெருவில் நடத்திக் காட்டும் விழா இது. ஆகையால் மாப்பிள்ளை அழைப்பு மாலையில் தொடங்கி, மூன்று இரவுகள் தங்கும்படி திட்டமிடுங்கள்.

விழா ஆண்டுதோறும் ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவுக்குள் ஏதோ ஒரு வாரத்தில் அமையும். பஞ்சாங்கத்தில் ஆனிப் பௌர்ணமியைப் பார்த்துக்கொண்டு, நாள்வாரி நிகழ்ச்சிகளையும் நேரங்களையும் கோயில் அழைப்பிதழைக் கொண்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காரைக்காலில் அறை கிடைக்காவிட்டால் ஐந்து கிலோமீட்டர் மேற்கேயுள்ள திருநள்ளாற்றிலோ, இருபது கிலோமீட்டர் தெற்கேயுள்ள நாகப்பட்டினத்திலோ தங்கலாம். ஆனால் விழா நாட்களில் சனிக்கிழமை குறுக்கிட்டால், சனீசுவரனை வழிபட வருவோர் கூட்டத்தால் திருநள்ளாற்றிலும் இடம் கிடைப்பது அரிது.

வருவதற்கு முன் கதையைத் தெரிந்துகொண்டு வருவது அவசியம். வணிகன் பரமதத்தன் கடையிலிருந்து அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை, பசித்து வந்த சிவனடியாருக்குத் தயிர்சாதத்தோடு படைத்துவிடுகிறார் அவன் மனைவி புனிதவதி. எஞ்சிய கனியை உண்ட கணவன் மற்றதையும் கேட்க, அவர் இறைவனை வேண்ட, ஒரு கனி கைக்கு வருகிறது. அதன் சுவை வேறாக இருக்கக் கண்டு அவன் வினவ, உண்மையைச் சொல்கிறார். நம்பாமல் இன்னொரு கனி வரவழைக்கச் சொன்னவன் கையில் அது வந்ததும் மறைகிறது. அஞ்சிய பரமதத்தன் கடல்வணிகத்துக்கெனப் புறப்பட்டுப் பாண்டிய நாட்டில் வேறு மணம் செய்துகொள்கிறான். அழகைத் துறந்து பேயுரு வேண்டிப் பெற்ற புனிதவதியாரே, கயிலையில் இறைவன் 'அம்மையே' என்று அழைத்த காரைக்கால் அம்மையார். நேரமிருந்தால் அவர் பாடிய அற்புதத் திருவந்தாதியின் 101 வெண்பாக்களில் சிலவற்றையாவது படித்துவிட்டு வாருங்கள். விழாவில் எதைப் பார்க்கிறோம் என்பது அப்போதுதான் விளங்கும்.

முதல் நாள் மாலை, பரமதத்தன் மணமகனாக ஊர்வலமாக வருகிறார். மறுநாள் காலைத் திருக்கல்யாணத்தில் இடம் பிடிக்க வேண்டுமென்றால் முகூர்த்தத்துக்கு வெகு முன்னதாகவே போய் அமர்ந்துவிடுங்கள். வீட்டுக் கல்யாணத்துக்கு வருவதைப் போலவே பட்டுடுத்தி வரும் உள்ளூர்ப் பெண்கள் முன்வரிசைகளை விரைவில் நிரப்பிவிடுவார்கள்.

மூன்றாம் நாள்தான் மாங்கனி இறைத்தல். காலையில் பிச்சாண்டவர் பவழக்கால் சப்பரத்தில் கைலாசநாதர் கோயிலிலிருந்து எழுந்தருளி, வீதிகளைச் சுற்றி மாலையில் அம்மையார் சந்நிதியை அடைகிறார். பழம் வீசப்படுவது சப்பரம் வீட்டைக் கடந்த பிறகுதான் என்பதை நினைவில் வையுங்கள். சப்பரத்துக்கு முன்னே முண்டியடிப்பவர்களுக்குத் தரிசனம் கிடைக்கும், பழம் கிடைக்காது. ஆகவே சுவாமியை முதலில் நிதானமாக வணங்கிவிட்டு, அவரை முன்னே போகவிட்டு, பின்னால் வரும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள். நேர்த்திக்கடன் செலுத்துவோர் மாடிகளில் கூடையோடு காத்திருந்து, கை நிறைய அள்ளி வீசுவார்கள். கீழே துண்டுகளும் முந்தானைகளும் விரிந்திருக்கும். தார்ச்சாலையில் விழுந்து வெடித்த பழத்தின் சாறு காலுக்கடியில் வழுக்கும். கெட்டியான பிடிமானமுள்ள செருப்பு அணியுங்கள், கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றிப் பையில் வையுங்கள், சிறு குழந்தைகளைத் தோளில் ஏற்றாதீர்கள். குழந்தைப்பேறு வேண்டி வரும் தம்பதியர் இந்தப் பழத்தைப் பிரசாதமாகக் கருதி உண்கிறார்கள். அத்தகைய ஒருவர் அருகில் வெறுங்கையோடு நின்றால் உங்களுக்குக் கிடைத்ததில் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள், ஊர்க்காரர்களும் அப்படியே செய்கிறார்கள்.

நீங்களே இறைக்க நேர்ந்துகொண்டிருந்தால், தெருவைப் பார்த்த மாடி ஒன்றில் இடம் தரும்படி வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கனிந்து குழைந்த பெரிய பழங்களை விட, சற்றே கெட்டியான சிறிய பழங்களே விழுந்தாலும் சிதையாதவை. குறிபார்த்து வேகமாக எறியாமல், கீழே நிற்பவர்கள் ஏந்திக்கொள்ளும்படி மெதுவாக விடுவதே முறை.

வெயில் கடுமையாக இருக்குமாதலால், நடுப்பகலில் சற்று ஓய்வெடுத்துக்கொண்டு மாலை அமுது படையலுக்குத் திரும்பிவிடுங்கள். அம்மையார் எதிர்சென்று அழைக்க, பிச்சாண்டவருக்கு மாங்கனியும் தயிர்சாதமும் படைக்கப்படும் அந்த நேரமே, என் கருத்தில், விழாவின் உயிர். காலை முழுதும் தெருவில் பறந்த பழம் எதற்காகப் பறந்தது என்பது அங்கேதான் புரிகிறது.

பலரும் தவறவிடுவது அன்றிரவுக்குப் பிந்திய விடியற்காலையை. தெருவிளக்குகள் அணைக்கப்பட்டு, தீவட்டி வெளிச்சத்தில், பேயுருவில் வரும் அம்மையாருக்கு இறைவன் காட்சி கொடுக்கிறார். முன்னிரவிலேயே உறங்கி, அதிகாலைக்கு முன்பே எழுந்து போய் நில்லுங்கள். கைபேசி விளக்கை எரியவிடாதீர்கள். ஒருவர் எரித்தாலும் அந்த இருட்டு கெட்டுவிடும். முதியவர்களை அழைத்துச் சென்றால், வெளிச்சம் இருக்கும்போதே வீதியோரத்தில் இடம் பார்த்து அமர்த்திவிடுங்கள். காட்சி முடிந்து சந்நிதியில் வணங்கிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தால், நாகப்பட்டினத்துக்கும் மயிலாடுதுறைக்கும் காலைப் பேருந்துகளைப் பிடித்துவிடலாம்.