மாஸ்டோடனில் கணக்கு தொடங்கும் முன், பந்தலைப் பார்த்து நில்லுங்கள்

2022 அக்டோபரில் எலான் மஸ்க் டுவிட்டரை வாங்கியதும் பினாங்கில் என் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் ஒரே வாரத்தில், டுவிட்டர் மாதிரியே சின்னச் சின்னப் பதிவு போடுகிற மாஸ்டோடனுக்குக் கிளம்பினோம். அந்த நவம்பரில் அங்கே மாதம் வந்துபோகிறவர்கள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர், "உள்ள ஒருத்தருமே இல்ல" என்று முகநூலுக்கே திரும்பிவிட்டார்கள்.

மாஸ்டோடன் ஒரே கம்பெனியின் தளம் இல்லை. 2016இல் ஆய்கன் ரோச்கோ என்ற ஜெர்மன்காரர் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. யாரும் தங்கள் சர்வரில், அதாவது எந்நேரமும் இணையத்தில் ஓடுகிற கணினியில், போட்டு நடத்தலாம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிற வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்களே, அந்த மாதிரிதான். ஒவ்வொரு பந்தலுக்கும் வேறு ஆள், வேறு செலவு, வேறு சட்டம். ஆனால் எந்தப் பந்தலில் நின்றாலும் தெருவில் போகிற எல்லாரோடும் பேசலாம், அதற்கான பொது மொழிதான் ஆக்டிவிட்டிபப்.

முதல் வேலை, சர்வர் தேர்வு. இதில்தான் நான் அடிபட்டேன். தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு குட்டி சர்வரில் சேர்ந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை திறந்தால் பக்கமே வரவில்லை. நடத்தியவர் செலவைத் தன் கைக்காசிலிருந்து கட்டிக்கொண்டிருந்திருக்கிறார், முடியவில்லை, மூடிவிட்டார். வேறு சர்வருக்கு மாறினால் பின்தொடர்பவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம்தான், ஆனால் அதற்கான பொத்தான் பழைய கணக்குக்குள்ளே இருக்கிறது. வீடே போனபிறகு சாவி எதற்கு?

அதனால் மாஸ்டோடனின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் உள்ள பட்டியலிலிருந்தே சர்வரை எடுங்கள். அதில் இருப்பவர்கள் மூடுவதென்றால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்வதாகவும், தினமும் காப்புப்பிரதி எடுப்பதாகவும் ஒப்புக்கொண்டவர்கள். சேரும் முன் சர்வரின் விதிகளையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

அடுத்து பெயர். உங்கள் முகவரியில் பெயரோடு சர்வர் பெயரும் சேர்ந்து வரும், நண்பருக்கு அனுப்பும்போது முழுசாக அனுப்புங்கள். பாதியை அனுப்பிவிட்டு "கிடைக்கவில்லை" என்று புலனத்தில் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இனி அந்த "ஒருத்தருமே இல்ல" விவகாரம். முகப்பில் நாம் பின்தொடர்கிறவர்களின் பதிவுகள் மட்டும்தான், அதுவும் நேர வரிசையில். எந்த அல்காரிதமும் ஆள் பிடித்துத் தராது. எனவே #தமிழ், #பினாங்கு, #தைப்பூசம் என்று ஹேஷ்டேக்குகளைத் தேடி அவற்றையே பின்தொடருங்கள். எழுதும் பெட்டியில் மொழியைக் காட்டும் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடக்கும். அதைத் தமிழுக்கு மாற்றிவிட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் தமிழை மட்டும் தேர்ந்தெடுத்துப் பொதுப் பதிவுகளைப் பார்க்கிறவர் கண்ணில் நீங்கள் படவே மாட்டீர்கள். வழக்கமாக ஒரு பதிவுக்கு 500 எழுத்து.

தனிச்செய்தி என்று ஒன்று உண்டு, ஆனால் அது மறையாக்கம் செய்யப்பட்டதல்ல. சர்வரை நடத்துகிறவர் நினைத்தால் படிக்கலாம். வங்கி எண்ணெல்லாம் அங்கே வேண்டாம்.

இவ்வளவு தலைவலி எதற்கு என்றால், டுவிட்டர் மாதிரியே இன்னொரு தளம், புளூஸ்கை இருக்கிறது. 2024 நவம்பரில் 2 கோடிப் பேரைத் தாண்டியது, சேர்வதும் சுலபம். ஆனால் அங்கே பெரும்பாலான கணக்குகள் இன்னும் ஒரே கம்பெனியின் சர்வர்களில்தான், அதாவது ஒரே பெரிய பந்தல். எனக்கு அது பிடிக்கவில்லை, உங்களுக்குப் பிடிக்கலாம்.

சரி, கணக்கு தொடங்கியாச்சா? இப்போதே அமைப்புகளுக்குள் போய், 'ஏற்றுமதி' பகுதியில் நீங்கள் யார் யாரைப் பின்தொடர்கிறீர்கள் என்ற பட்டியலை இறக்கிவையுங்கள். பதிவுகளின் காப்பகத்தையும் அங்கேயே கேட்டு வாங்கலாம், ஏழு நாளைக்கு ஒரு தடவைதான் தருவார்கள். நான் இப்போது ஞாயிறுதோறும், தே தாரிக் ஆறுகிற நேரத்தில், அதை வாங்கிவிடுகிறேன்.