பழைய காருக்கு ஸ்ட்ரட், ஸ்பிரிங் மாற்றப் போகிறீர்களா? வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய கார் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது டொக் டொக் என்று தட்டினால், "ஸ்ட்ரட் போயிடுச்சு" என்றுதான் முதலில் சொல்வார்கள். (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய்தான் ஷாக், அதையும் ஸ்பிரிங்கையும் ஒன்றாகப் பூட்டிய பாகம் ஸ்ட்ரட்.) பல நேரம் அது ஸ்ட்ரட்டே கிடையாது. சக்கரத்தைச் சுற்றியுள்ள இணைப்புப் பாகங்களான ஸ்டெபிலைசர் லிங்க், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட்டின் உச்சியில் இருக்கும் ரப்பர் மவுண்ட், இதில் எது தேய்ந்தாலும் ஏறக்குறைய அதே சத்தம்தான் வரும். லிங்கில் ஆட்டம் இருந்தால் கையால் பிடித்து அசைத்தாலே தெரியும். மவுண்டைப் பார்க்க, வண்டி நின்றிருக்கும்போது ஒருவரை ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பச் சொல்லிவிட்டு, கையை உள்ளே விடாமல் ஸ்பிரிங்கை மட்டும் கவனியுங்கள். அது முறுக்கிக்கொண்டே போய் திடீரென்று டங் என்று விடுபட்டால் மேலே பேரிங் இறுகிவிட்டது.

சரி, ஸ்ட்ரட் நிஜமாகவே போயிருந்தால் எப்படித் தெரியும்? ஸ்ட்ரட்டின் உடம்பில் லேசாக எண்ணெய் ஈரம் படிந்து தூசி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், எண்ணெய் வழிந்து கீழ்வரை நனைந்திருந்தால்தான் கசிவு. டயரின் மேல்பரப்பைக் கையால் தடவிப் பாருங்கள், வட்டம் முழுக்க மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் சக்கரம் சாலையை விட்டுத் துள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். பானெட்டை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய வித்தையை நான் பெரிதாக நம்புவதில்லை. முழுசாகச் செத்த ஷாக் மட்டும்தான் அதில் மாட்டும், பாதி தேய்ந்தது தப்பித்துவிடும்.

ஸ்பிரிங் பக்கம் வருவோம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயரில் காற்று சரியாக வைத்து, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை டேப் பிடித்து அளந்து பாருங்கள். ஒரே ஆக்ஸிலில் இடது வலது வித்தியாசம் 1 செ.மீ.க்கு மேல் இருந்தால் ஸ்பிரிங் மேல் சந்தேகப்படலாம். அப்புறம் டார்ச் அடித்து, ஸ்பிரிங்கின் அடிச்சுற்று தட்டில் உட்காரும் இடத்தை ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுப் பாருங்கள். தண்ணீரும் மண்ணும் தேங்கித் துருப்பிடிக்கும் இடம் அதுதான், ஸ்பிரிங் உடைவதும் பெரும்பாலும் அங்கேதான். ஒரு துண்டு உடைந்து விழுந்தபிறகும் மாதக்கணக்கில் தெரியாமலே ஓட்டுகிறவர்கள் உண்டு.

இங்கே ஒரு விஷயம் பலருக்குக் குழப்பமாக இருக்கும். உட்கார்ந்துபோன ஸ்பிரிங் மெத்தென்று ஆகிவிடுவதில்லை. அதன் விறைப்பு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும், உயரம்தான் குறைகிறது. உயரம் குறைந்ததால் சின்னப் பள்ளத்துக்கே பம்ப் ஸ்டாப்பில் (முழுக்க அமுங்கும்போது தடுக்கும் ரப்பர்) போய் இடிக்கும், ஓட்டுகிறவருக்கு "வண்டி ரொம்ப ஹார்டா இருக்கு" என்று தோன்றும். இந்த நிலையில் எவ்வளவு நல்ல ஷாக் வாங்கிப் போட்டாலும் இடி நிற்காது. அதனால் உயரம் குறைந்திருந்தால் ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள், உயரம் சரியாக இருந்து துருவும் விரிசலும் இல்லையென்றால் பழைய ஸ்பிரிங்கையே தொடரலாம்.

எந்த ஷாக் வாங்குவது? தினமும் ஓட்டுகிற வண்டிக்கு என் பதில் சுருக்கமானது: கம்பெனியிலிருந்து வரும்போது இருந்த அதே குணம். கேஒய்பி கம்பெனியில் எக்செல்-ஜி, பில்ஸ்டைன் கம்பெனியில் பி4 போன்றவை அந்த ரகம். பில்ஸ்டைனின் பி6 என்பது மோனோட்யூப், அதாவது ஒற்றைக் குழாய் ஷாக். உள்ளே வாயு அழுத்தம் அதிகம், வளைவில் வண்டியை இறுக்கிப் பிடிக்கும், ஆனால் ஒட்டுப்போட்ட சாலையில் ஒவ்வொரு ஒட்டையும் உங்களுக்குச் சொல்லிக் காட்டும். பி8 உயரம் குறைத்த ஸ்பிரிங்குகளுக்காகச் செய்தது, சாதாரண உயர வண்டிக்கு அதை வாங்காதீர்கள். பெயர் தெரியாத மலிவுச் சரக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அடுத்த வருடம் அதே வேலையைத் திரும்பச் செய்யத் தயாராக இருந்தால் வாங்கலாம்.

ஸ்பிரிங்கை மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் ஏமாறுவீர்கள். ஒரே கார்தான், ஆனால் டீசல் எஞ்சினுக்கு ஒரு ஸ்பிரிங், பெட்ரோலுக்கு வேறு, ஆட்டோமேட்டிக் கியருக்கு இன்னொன்று என்று இருக்கும். சேசிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பர் எடுங்கள். பழைய ஸ்பிரிங்கில் வண்ணப் பெயின்ட் கோடுகள் அழியாமல் இருந்தால் அதையும் போட்டோ எடுத்து வையுங்கள், எந்த ரகம் என்று அடையாளம் காட்ட அது உதவும். "கொஞ்சம் தடிமனாப் போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் யோசியுங்கள்: மற்றதெல்லாம் மாறாமல் கம்பி 10 சதவீதம் தடித்தாலே விறைப்பு 46 சதவீதம் கூடுகிறது, ஏனென்றால் அது விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அந்த ஸ்பிரிங்கை சாதாரண ஷாக்கால் அடக்க முடியாது. எப்போதும் டிக்கி நிறைய பாரம் ஏற்றுகிறவர்கள் மட்டும் பின்பக்கத்துக்குக் கனமான ஸ்பிரிங்கை நினைத்துப் பார்க்கலாம்.

ஸ்பிரிங், மவுண்ட் எல்லாம் பூட்டி முழு அசெம்பிளியாகக் கிடைக்கும் ஸ்ட்ரட் வேலையைப் பாதியாக்கும், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவியைத் தொடவே வேண்டாம், அது ஒரு பெரிய நிம்மதி. (அழுத்தி வைத்த ஸ்பிரிங் விலகினால் ஆளைக் கொல்லும், அனுபவம் இல்லையென்றால் அந்த வேலையை மெக்கானிக்கிடமே விடுங்கள்.) ஆனால் சில கம்பெனிகள் பல வேரியன்ட்டுக்கும் பொதுவாக ஒரே ஸ்பிரிங்கைப் போட்டு அனுப்புவதால் வண்டி முன்னைவிட உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கலாம். தனித்தனியாக வாங்கினால் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் பூட் (தூசி மறைக்கும் உறை), ஸ்பிரிங் தட்டின் ரப்பர் ஆகியவற்றையும் சேர்த்தே ஆர்டர் போடுங்கள். இதில் மிச்சம் பிடிப்பதைப்போல வீண் வேலை கிடையாது. எப்போதும் ஜோடியாக, ஒரு ஆக்ஸிலின் இரண்டு பக்கமும். முன்பக்க ஸ்ட்ரட்டில் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் மாட்டும் கொக்கிகளால் இடது வலது மாறுபடும், பெட்டியைத் திறந்தவுடன் அதைப் பழையதோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நின்று சிலவற்றைக் கவனியுங்கள். ஷாக்கின் பளபளக்கும் ராடை பிளையரால் பிடிக்கக் கூடாது, ஒரு கீறல் போதும் சீல் கிழிய. லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால், வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் இறங்கும், அதற்கப்புறம் ஒருமுறை டேப் பிடித்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கின் நுனி தட்டின் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லையா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.